ஓட்டு இருக்கு, வீடு இல்லை

(வாசகர் கேள்வி – பதில்)

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புலம்பல். இரண்டே கட்சி மாறி மாறி ஆளுகிற அமைப்பு, அந்த இரண்டிலுமே மனசு ஒட்டவில்லை, நான் எங்கே போய் நிற்பது? மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொண்டேன். பெயர் வேண்டாம் என்று பலரும் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை. திட்டி எழுதியவர்களுக்கும் அதே சலுகை.

கேள்வி: சார், வரி, செலவு என்று வந்தால் ஒரு கட்சி சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. சுற்றுச்சூழல், தனிமனித உரிமை என்று வந்தால் எதிர்த்தரப்பு பேசுவதுதான் நியாயமாக இருக்கிறது. இந்தப் பக்கத்து நண்பர்கள் என்னை அந்தப் பக்கத்து ஆள் என்கிறார்கள். அந்தப் பக்கத்தினர் வேவு பார்க்க வந்தவன் மாதிரி பார்க்கிறார்கள். இரண்டு வாட்ஸ்அப் குழுவிலும் நான் ஏதாவது போட்டால் பத்து நிமிடத்துக்கு யாரும் எதுவும் போடுவதில்லை. கோளாறு என்னிடமா?

பதில்: கோளாறு கணக்கில் இருக்கிறது. ஒரு தாளை எடுத்து வரி, மருத்துவம், கல்வி, குடியேற்றம், சுற்றுச்சூழல், ராணுவச் செலவு என்று ஆறு விஷயத்தை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று இரண்டே பதில்தான் என்று வைத்துக்கொண்டால்கூட (நிஜத்தில் ‘ஆமாம், ஆனா...’ என்றுதான் நம்மில் முக்கால்வாசிப் பேர் ஆரம்பிப்போம்) மொத்தம் 64 விதமான மனிதர்கள் இருக்கலாம். அவர்களுக்காகக் கட்டிவைத்திருப்பது இரண்டு பொட்டலம். மீதி 62 பேரும் ஏதாவது ஒரு இடத்தில் பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓட்டுப் போட வேண்டும். நீங்கள் அந்த 62இல் ஒருவர், அவ்வளவுதான்.

அப்படியென்றால் மற்றவர்களுக்கெல்லாம் அந்தப் பொட்டலம் எப்படிப் பொருந்துகிறது என்று கேட்பீர்கள். முக்கால்வாசிப் பேருக்குப் பொருந்தவில்லை, பொருத்திக்கொள்கிறார்கள். பிலிப் கான்வர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1964இலேயே இதை எழுதிவிட்டார். கட்சிப் பிரமுகர்களுக்கு ஒரு கருத்து இருந்தால் அதையொட்டி அடுத்த கருத்தும் வந்து உட்கார்ந்துவிடுகிறது, சாதாரண வாக்காளர்களிடம் அந்தக் கோர்வை ரொம்பவே குறைவு. எது எதோடு சேரும் என்பது மேலே முடிவாகிக் கீழே வருகிற சமாச்சாரம். ராணுவத்துக்கு அதிகம் செலவழிக்க வேண்டும் என்று நினைப்பவர் காட்டை வெட்டுவதையும் ஆதரித்தாக வேண்டும் என்று எந்தத் தர்க்கமும் சொல்லவில்லை.

பொட்டலமாவது நிலையாக இருக்கிறதா என்றால் அதுவும் கிடையாது. அமெரிக்காவில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1970இல் உருவானது, உருவாக்கியவர் குடியரசுக் கட்சி அதிபர் நிக்சன். இன்றைக்கு அந்தக் கட்சிக்காரர் ஒருவரிடம் அந்த முகமையைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். பிரிட்டனில் 1975இல் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் நீடிக்கலாமா என்று பொதுவாக்கெடுப்பு நடந்தபோது நீடிக்கத்தான் வேண்டும் என்று பிரசாரம் செய்தவர் கன்சர்வேடிவ் தலைவர் மார்கரெட் தாட்சர். தொழிற்கட்சிதான் அப்போது இரண்டாகப் பிளந்து கிடந்தது. நாற்பது வருஷம் கழித்து வெளியேறும் கோஷம் பலமாக வந்தது அதே கன்சர்வேடிவ் கட்சிக்குள்ளிருந்துதான். 1975இல் சொன்னதையே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்த ஒரு ஆள், ஒரு அடிகூட நகராமல், எதிரி முகாமில் போய் நின்றிருப்பார். இடம் மாறியது வீடு, அவர் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது ஆறுதல் இல்லை. உங்களைப் போன்றவர்கள் கொஞ்சநஞ்சமில்லை. கருத்துக்கணிப்பு நடத்தும் கேலப் நிறுவனம் அமெரிக்கர்களிடம் கேட்கும்போது சமீப ஆண்டுகளில் 40 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவர்கள் ‘நான் எந்தக் கட்சியும் இல்லை, சுயேச்சை’ என்கிறார்கள். இரண்டு பெரிய கட்சிகளில் எதற்குமே அவ்வளவு ஆள் இல்லை. ‘சரி, எந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வீர்கள்?’ என்று அடுத்த கேள்வி கேட்டால் பெரும்பாலானவர்கள் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள், அது வேறு கதை. ஆனால் இத்தனை பேர் வெளியே நிற்கிறார்களே, எல்லோரும் சேர்ந்து ஒரு கட்சி தொடங்கினால் ஜெயித்துவிடலாமே என்று தோன்றும். நானும் இருபத்தைந்து வயதில் அப்படித்தான் நினைத்தேன். வெளியே நிற்பவர்களுக்குள் ஒற்றுமை, வெளியே நிற்பது ஒன்றில் மட்டும்தான். உங்களுக்கு வரியில் இந்தக் கட்சி, உரிமையில் அந்தக் கட்சி. உங்கள் பக்கத்தில் நிற்பவருக்கு அப்படியே தலைகீழ். உங்கள் இரண்டு பேரையும் ஒரே வீட்டில் குடிவைத்தால் ஒரே வாரத்தில் சுவர் எழுப்பிவிடுவீர்கள்.

கேள்வி: இரண்டு கட்சியும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள்தானே? இதற்கு ஏன் இவ்வளவு அலசல்?

பதில்: இந்தப் பழமொழியைச் சொல்லி முடித்துக்கொள்ள ஒரு வசதி வேண்டும். யார் ஆட்சிக்கு வந்தாலும் தன்னுடைய நாள் மாறாது என்கிறவருக்கு இரண்டும் ஒரே மட்டைதான். ஒரு சட்டத் திருத்தத்தில் மருத்துவக் காப்பீடு போய்விடும், அல்லது குடியிருப்பு அனுமதி போய்விடும் என்ற நிலையில் இருப்பவர் அந்த இரண்டு மட்டையையும் அங்குலம் அங்குலமாக அளந்து வைத்திருப்பார். 

ஆனால் ஒரு இடத்தில் நீங்கள் சொல்வது உண்மை. மூன்றாவது ஆள் உள்ளே வரக் கூடாது என்பதில் இரண்டு கட்சிக்கும் அப்படி ஒரு ஒற்றுமை. அமெரிக்காவில் அதிபர் வேட்பாளர் விவாதங்களை நடத்த 1987இல் ஒரு ஆணையம் வந்தது, அமைத்தவை அந்த இரண்டு கட்சிகளேதான். 2000இலிருந்து 2020 வரை அது நடத்திய விவாதங்களில், கருத்துக்கணிப்புகளில் 15 சதவிகிதம் ஆதரவு காட்டினால்தான் மேடை என்று விதி. மேடையில் ஏறாமல் 15 எப்படி வரும் என்று கேட்காதீர்கள், அதற்குத்தானே விதி.

கேள்வி: ஐயா, இரண்டு கட்சிதான் இருக்க வேண்டும் என்று எங்காவது சட்டம் எழுதி வைத்திருக்கிறதா? இல்லையென்றால் ஏன் எப்போதும் இரண்டிலேயே வந்து நிற்கிறது?

பதில்: எழுதவில்லை. அமெரிக்க அரசியல் சட்டத்தில் கட்சி என்ற பேச்சே கிடையாது. அதை உருவாக்கியவர்களுக்குக் கட்சி என்றாலே அலர்ஜி. குடியரசு இரண்டு பெரிய கட்சிகளாகப் பிளப்பதுதான் தன்னுடைய பெரிய பயம் என்று ஜான் ஆடம்ஸ் 1780இல் கடிதம் எழுதினார். 1796இல் வாஷிங்டன் பதவியை விட்டுப் போகும்போது கட்சி வெறியைப் பற்றித்தான் நீளமாக எச்சரித்தார். அதே ஆண்டு நடந்த தேர்தலில் ஆடம்ஸே ஒரு கட்சியின் வேட்பாளராக நின்று ஜெயித்தார். அவ்வளவுதான் அந்த எச்சரிக்கைக்கு ஆயுள்.

காரணம் எண்ணும் முறையில் இருக்கிறது. ஒரு தொகுதிக்கு ஒரே உறுப்பினர், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தவர், இரண்டாவதாக வந்தவருக்கு ஒன்றுமில்லை என்று வைத்தால் அந்த ஆட்டம் கடைசியில் இரண்டு பேர் ஆட்டமாகத்தான் சுருங்கும். இதை 1951இல் மொரிஸ் டுவெர்ஜே என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கினார், இன்றைக்கும் அவர் பெயரிலேயே விதி என்கிறார்கள். இரண்டு சக்கரம் சுழல்கிறது. முதல் சக்கரம் இயந்திரத்தனமானது. ஊரெங்கும் பரவலாக ஆதரவு இருந்து எங்கேயும் முதலிடம் வராத கட்சியை அது அரைத்துத் தள்ளிவிடும். பிரிட்டனில் 1983இல் சமூக ஜனநாயகக் கட்சியும் லிபரல் கட்சியும் கூட்டணி வைத்து 25.4 சதவிகித ஓட்டு வாங்கின, கிடைத்தது 23 இடம். தொழிற்கட்சி வாங்கியது 27.6 சதவிகிதம், கிடைத்தது 209 இடம். ஓட்டில் இரண்டே சதவிகிதம் சொச்சம் வித்தியாசம், இடத்தில் ஒன்பது மடங்கு. அமெரிக்காவில் 1992இல் ராஸ் பெரோ என்ற பணக்காரர் தனியாக நின்று கிட்டத்தட்ட 19 சதவிகிதம் வாங்கினார், ஏறக்குறைய 2 கோடி ஓட்டு. அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழுவில் அவருக்கு விழுந்தது பூஜ்யம்.

இரண்டாவது சக்கரம் நம் தலைக்குள் ஓடுகிறது. முதல் சக்கரம் என்ன செய்யும் என்று தெரிந்துவிட்டதால், பிடித்தவருக்குப் போட்டால் வீண் என்று பயந்து, பிடிக்காதவர் வந்துவிடக் கூடாது என்பதற்காகக் கொஞ்சம் குறைவாகப் பிடிக்காதவருக்குப் போடுகிறோம். எல்லோரும் இதையே செய்வதால் அந்தப் பயம் நிஜமாகிறது.

விதி என்றாலும் இதற்கு ஓட்டைகள் உண்டு. இந்தியா, கனடா இரண்டிலும் இதே எண்ணும் முறைதான், ஆனால் நாடாளுமன்றத்தில் கட்சிகள் நிறைய. ஒவ்வொரு பகுதியிலும் மோதும் ஜோடி வேறு வேறு என்பது அதற்கு ஒரு காரணம். மால்டாவில் நேர்மாறு. விருப்ப வரிசைப்படி ஓட்டுப் போட்டு, ஒரு தொகுதிக்குப் பல உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை அங்கே பல காலமாக இருக்கிறது, சிறிய கட்சிகளுக்கு வாட்டமான முறை என்று பெயர். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கே ஆட்டம் இரண்டு கட்சிக்குள்தான். ஆக எண்ணும் முறை பாதி, மனசு பாதி.

கேள்வி: மூன்றாவது கட்சிக்குப் போட்டால் ஓட்டை வீணாக்கியதாக என் மனைவி சண்டை போடுகிறார். நான் மனசாட்சிப்படி போட்டேன் என்கிறேன். யார் சரி?

பதில்: குடும்பச் சண்டையில் தீர்ப்புச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. ஆனால் உங்கள் மனைவி புளோரிடாவைப் பற்றிப் படித்திருக்கிறார் என்று நினைக்கிறேன்.

2000 நவம்பர், அமெரிக்க அதிபர் தேர்தல், புளோரிடா மாநிலம். பல இடங்களில் ஓட்டுச் சீட்டு என்பது ஒரு அட்டை, வேட்பாளருக்கு நேராக ஊசி போன்ற ஒன்றால் குத்தினால் ஒரு சின்ன கட்டம் பெயர்ந்து விழ வேண்டும். பல அட்டைகளில் அது விழவில்லை. ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது, சிலவற்றில் லேசாகக் குழிந்து மட்டும் இருந்தது. மறு எண்ணிக்கையில் அதிகாரிகள் ஒவ்வொரு அட்டையாக விளக்கு வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒருவர் பூதக்கண்ணாடியை வைத்துக் கண்ணை இடுக்கி, இந்த வாக்காளர் குத்த நினைத்தாரா, குத்திவிட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்த படங்கள் உலகமெல்லாம் வந்தன. அந்தச் சின்னக் காகிதத் துண்டுதான் அமெரிக்க அதிபர் யார் என்பதைத் தொங்கலில் வைத்திருந்தது. டிசம்பரில் உச்ச நீதிமன்றம் எண்ணுவதை நிறுத்தியது. குடியரசுக் கட்சியின் புஷ் அங்கே ஜெயித்த வித்தியாசம் 537 ஓட்டு. அதே மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் வாங்கியது 97,488. அவருக்குப் போட்டவர்களில் நூற்றில் ஒருவர், ஒரே ஒருவர், ஜனநாயகக் கட்சியின் அல் கோருக்கு மாற்றிக் குத்தியிருந்தால் போதும்.

இது உங்கள் மனைவியின் கட்சி. இப்போது உங்கள் கட்சி. 1840இல் அடிமை முறையை ஒழிக்க வேண்டும் என்ற ஒரே விஷயத்துக்காக அமெரிக்காவில் லிபர்ட்டி கட்சி என்று ஒன்று நின்றது. கிடைத்தது நாடு முழுக்கச் சுமார் 7,000 ஓட்டு. சிரித்தார்கள். 1844இல் மறுபடி நின்றது, நியூயார்க்கில் மட்டும் 15,000க்கு மேல் வாங்கியது. அங்கே அன்றைய பெரிய கட்சிகளில் ஒன்றான விக் கட்சியின் ஹென்றி கிளே தோற்றது 5,000 சொச்சம் ஓட்டில், அதனாலேயே அதிபர் பதவியையும் இழந்தார். வந்தவர் போல்க், அடிமை முறை கொண்ட டெக்சாஸை நாட்டோடு சேர்க்க வேண்டும் என்பதில் கிளேயைவிடத் தீவிரமானவர். அடிமை ஒழிப்புக்காரர்களின் ஓட்டே அதற்கு வழிவிட்டது என்று அன்றைக்கு ஏசியவர்கள் ஏராளம். கிளேயும் அடிமைகளை வைத்திருந்தவர்தான், ஆகவே எதைக் குறைந்த தீமை என்பது என்று அவர்களும் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை. 1848இல் அந்த ஆட்கள் ஃப்ரீ சாயில் கட்சிக்குப் போனார்கள். 1854இல் விக் கட்சி நொறுங்க, இவர்களும் உடைந்து வந்தவர்களும் சேர்ந்ததுதான் குடியரசுக் கட்சி. 1860இல் லிங்கன் 40 சதவிகிதத்துக்கும் சற்றுக் குறைவான ஓட்டில் அதிபரானார், எதிர்த்தரப்பு பிளந்து கிடந்தது. 7,000 ஓட்டிலிருந்து அங்கே வர இருபது வருஷம்.

மூன்றாவது கட்சிகள் தேனீ மாதிரி, ஒரு தடவை கொட்டிவிட்டுச் செத்துவிடும் என்று ரிச்சர்ட் ஹோஃப்ஸ்டாட்டர் என்ற வரலாற்றாசிரியர் சொன்னார். கொட்டு வாங்கிய பெரிய கட்சி வலி தாங்காமல் அந்தக் கொள்கையைத் தானே எடுத்துக்கொள்ளும் என்று அர்த்தம்.

நான் என்ன செய்வேன் என்றால், என் தொகுதியில் போன மூன்று தேர்தலின் வித்தியாசத்தைப் பார்ப்பேன். எப்போதும் ஒரே கட்சி பெரிய வித்தியாசத்தில் ஜெயிக்கிற இடமாக இருந்தால் தயங்காமல் மனசுக்குப் பிடித்தவருக்குப் போடுவேன், அங்கே என் ஓட்டு எப்படியும் யாரையும் கவிழ்க்கப் போவதில்லை, கொட்டாகவாவது பதிவாகட்டும். இழுபறித் தொகுதியாக இருந்தால் உங்கள் மனைவி சொல்வதைக் கேட்பேன்.

கேள்வி: நோட்டா போட்டால் என்ன? இல்லை, வீட்டிலேயே இருந்துவிட்டால்?

பதில்: அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் ‘இவர்களில் யாரும் இல்லை’ என்ற வரி 1975இலிருந்து சட்டத்தில் இருக்கிறது. 2014இல் ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பில் அந்த ‘யாரும் இல்லை’தான் முதலிடம் வந்தது, 30 சதவிகிதம். வேட்பாளர் ஆனவர் இரண்டாவதாக வந்தவர். இந்தியாவில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையடுத்து 2013இல் நோட்டா வந்தது. 2024 மக்களவைத் தேர்தலில் இந்தூர் தொகுதியில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதை அழுத்தினார்கள். ஜெயித்தவர் ஜெயித்தார், அதுவும் 11 லட்சத்துக்கும் மேல் வித்தியாசத்தில். கோபத்தைப் பதிவு செய்ய ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள், அந்தப் பெட்டியைத் திறந்து படிக்க வேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை.

நானும் ஒரு முறை சீட்டில் குறுக்கே கோடு போட்டு மடித்துப் பெட்டியில் போட்டேன். வெளியே வரும்போது பெரிய புரட்சி செய்த நினைப்பு. செல்லாத ஓட்டுக் கணக்கில், முத்திரையைத் தப்பான இடத்தில் குத்தியவரோடு சேர்த்து என்னையும் எண்ணியிருப்பார்கள். வீட்டில் இருந்துவிட்டால் அதுவும் கிடையாது. வெறுத்துப்போய் வராதவருக்கும் தூங்கிவிட்டு வராதவருக்கும் கட்சி அலுவலகத்து அட்டவணையில் ஒரே கட்டம்தான்.

கேள்வி: எண்ணும் முறைதான் வில்லன் என்கிறீர்கள். அதை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

பதில்: மாற்றிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நியூசிலாந்தில் 1978, 1981 இரண்டு தேர்தலிலும் தொழிற்கட்சிதான் அதிக ஓட்டு வாங்கியது, ஆட்சி அமைத்தது தேசியக் கட்சி. 1981இல் சோஷியல் கிரெடிட் என்ற மூன்றாவது கட்சி 20 சதவிகிதத்துக்கு மேல் வாங்கி இரண்டே இரண்டு இடம் பெற்றது. ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள், முறையை மாற்றச் சொல்லி 1986இல் அறிக்கை வந்தது, வழக்கம்போல அது அலமாரிக்குப் போயிருக்கும். 1987 தேர்தல் நேரத் தொலைக்காட்சி விவாதத்தில் பிரதமர் டேவிட் லாங்கே பொதுவாக்கெடுப்பு நடத்துவோம் என்று சொல்லிவிட்டார். கையிலிருந்த குறிப்பைத் தப்பாகப் படித்துவிட்டார் என்பார்கள். எப்படியோ வாய் தவறி வந்த வாக்குறுதி, எதிர்க்கட்சிக்கும் பிடிமானம் கிடைத்தது. 1993 வாக்கெடுப்பில் 53.9 சதவிகிதம் பேர் புதிய முறைக்கு ஆதரவு, 1996இலிருந்து அமலில் இருக்கிறது. தொகுதிக்கு ஒரு ஓட்டு, கட்சிக்கு ஒரு ஓட்டு. 5 சதவிகிதம் வாங்கினால் விகிதப்படி இடம்.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் வேறு வழி. 1, 2, 3 என்று விருப்ப வரிசை போட வேண்டும், யாருக்கும் பாதிக்கு மேல் வராவிட்டால் கடைசியில் இருப்பவரை நீக்கிவிட்டு அவருக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பத்தை எண்ணுவார்கள். 2018இல் அங்கே இரண்டாவது தொகுதியில் முதல் எண்ணிக்கையில் குடியரசுக் கட்சிக்காரர் சுமார் 2,000 ஓட்டு முன்னிலை. இரண்டு சுயேச்சைகளுக்குப் போட்டவர்களின் அடுத்த விருப்பங்களைப் பிரித்ததும் ஜனநாயகக் கட்சியின் ஜாரெட் கோல்டன் சுமார் 3,500 ஓட்டில் ஜெயித்தார். அந்தச் சுயேச்சை வாக்காளர்கள் யாரும் வீட்டில் சண்டை போட்டிருக்கத் தேவையில்லை. ஆஸ்திரேலியா இந்த முறைக்கு மாறியது 1918இல்.

ஆனால் எல்லாம் சரியாகிவிடுமா என்றீர்களே, ஆகாது. நியூசிலாந்தின் முதல் புதிய முறைத் தேர்தலில் வின்ஸ்டன் பீட்டர்ஸ் என்பவரின் கட்சி கையில் துருப்புச் சீட்டு. இரண்டு பெரிய கட்சியோடும் மாறி மாறி ஏறக்குறைய இரண்டு மாதம் பேரம் பேசி, தேசியக் கட்சியோடு போனார். அந்த ஆட்சியை இறக்கத்தான் அவருக்குப் போட்டோம் என்று நினைத்திருந்தவர்கள் நிறைய. இரண்டு கட்சி அமைப்பில் ஓட்டுப் போடும் முன்பே நீங்களே உங்களோடு சமரசம் செய்துகொள்கிறீர்கள். பல கட்சி அமைப்பில் ஓட்டுப் போட்ட பிறகு உங்கள் சார்பாக வேறொருவர் செய்துகொள்கிறார். இரண்டாவதுதான் எனக்குப் பரவாயில்லை என்று படுகிறது, வீடாவது என் வீடு. பிரிட்டிஷ் மக்களுக்கு அப்படிப் படவில்லை. 2011இல் விருப்ப வரிசை முறை வேண்டுமா என்று கேட்டார்கள், 67.9 சதவிகிதம் வேண்டாம் என்றுவிட்டது.

கேள்வி: முறை மாறுகிறபோது மாறட்டும். இன்றைக்கு உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா சார்?

பதில்: முடியும், ஆனால் பிடிக்காது. பிடிக்காத கட்சி ஒன்றில் உறுப்பினராகச் சேருங்கள்.

இரண்டு பேரில் யார் என்று உங்களிடம் கேட்கும்போது பாதி ஆட்டம் முடிந்துவிட்டது. அந்த இரண்டு பேர் யார் என்று முடிவாகிற அறைதான் முக்கியம், அங்கே ஆள் குறைவு. 2022இல் பிரிட்டனில் போரிஸ் ஜான்சன் விலகியபோது அடுத்த பிரதமரை முடிவு செய்தது கன்சர்வேடிவ் கட்சி உறுப்பினர்கள். 81,326 ஓட்டு வாங்கி லிஸ் டிரஸ் பிரதமரானார், ஆறரைக் கோடிக்கு மேல் மக்கள் இருக்கிற நாட்டுக்கு. ஏழு வாரத்தில் போய்விட்டார் என்பது வேறு. அமெரிக்காவிலும் வேட்பாளர் தேர்வில் ஓட்டுப் போட வருகிறவர்கள் குறைவு, வருகிறவர்கள் தீவிரமானவர்கள். சுயேச்சை என்று பதிந்திருந்தால் பல மாநிலங்களில் உள்ளேயே விட மாட்டார்கள். வெளியே நின்று ‘சரியான ஆளைப் போடவில்லை’ என்று சொல்கிற நாம்தான் அந்த அறையைக் காலியாக விட்டுவைத்திருக்கிறோம்.

கட்சிக்குள் போகவே முடியாது என்றால் சின்னத் தேர்தலைப் பிடியுங்கள். அமெரிக்க அரசியல்வாதி பெர்னி சாண்டர்ஸ் 1981இல் பர்லிங்டன் என்ற சின்ன நகரத்துக்குச் சுயேச்சையாக மேயரானார், வித்தியாசம் 10 ஓட்டு. பத்துக் குடும்பம்கூட வேண்டாம். அலாஸ்கா மாநிலத்தில் செனட் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை) உறுப்பினராக இருந்த லிசா மர்கோவ்ஸ்கி கதை இன்னும் வேடிக்கை. 2010இல் சொந்தக் கட்சியே அவரை வேட்பாளர் தேர்வில் தோற்கடித்துவிட்டது. சீட்டில் பெயரே இல்லை. வாக்காளர்கள் காலி வரியில் அவர் பெயரைக் கையால் எழுத வேண்டும். அந்தப் பெயரை எழுதுவதே ஒரு பரீட்சை. எதிராளி எழுத்துப்பிழை உள்ள சீட்டெல்லாம் செல்லாது என்று நீதிமன்றம் போனார். வாக்காளர் யாரை நினைத்தார் என்று புரிந்தால் போதும் என்று தீர்ப்பு வந்தது, அம்மையார் மறுபடியும் செனட்டுக்குப் போனார்.

கேள்வி: ஐயா, என் அப்பா நாற்பது வருஷமாக ஒரே கட்சி. நானும் அதில்தான் வளர்ந்தேன். போன வருஷம் உறுப்பினர் அட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அதிலிருந்து அப்பா என்னோடு நேராகப் பேசுவதில்லை, அம்மா வழியாகத்தான். துரோகம் என்கிறார். திரும்பிப் போவதா?

பதில்: 1904 மே 31. வின்ஸ்டன் சர்ச்சில் நாடாளுமன்றத்துக்குள் வந்தார், தன் கட்சி உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்த்தார், எதிர்ப்பக்கம் நடந்துபோய் லிபரல்களோடு உட்கார்ந்துவிட்டார். அவர் விட்டுப் போனது சாதாரணக் கட்சி இல்லை, அவருடைய அப்பா நிதியமைச்சராக இருந்த கட்சி. அப்பா அப்போது உயிரோடு இல்லை, அந்த விதத்தில் அவருக்கு உங்கள் கஷ்டம் கிடையாது. இருபது வருஷம் கழித்துப் பழைய கட்சிக்கே திரும்பினார், பிறகு அதன் தலைவராகி நாட்டை ஆண்டார். ஆகவே திரும்பிப் போகிற வழி யாருக்கும் அடைபடுவதில்லை, இப்போதே முடிவு செய்ய வேண்டியதில்லை.

ஒரு நிறுவனம் கெட்டுப்போனால் மனிதர்களுக்கு இரண்டு வழி, வெளியேறுவது அல்லது உள்ளிருந்து குரல் கொடுப்பது என்று ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970இல் எழுதினார். பற்று இருப்பவர்கள் சீக்கிரம் வெளியேற மாட்டார்கள், குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள் என்றார். உங்கள் அப்பாவை அந்தக் கண்ணால் பாருங்கள். நாற்பது வருஷத்தில் அவருக்குக் கட்சியோடு சண்டையே வந்திருக்காது என்றா நினைக்கிறீர்கள்? நான் கட்சியை விட்டு வந்தபோது (ஆமாம், வீடு வீடாகத் துண்டுப் பிரசுரம் கொடுத்தவன்தான் நானும்) என் அண்ணன் எட்டு மாதம் பேசவில்லை. ஒரு நாள் நான்தான் போய், ‘நீ அந்தக் கட்சியில் எதற்காவது வெட்கப்பட்டதுண்டா?’ என்று கேட்டேன். அடிக்க வருவார் என்று நினைத்தேன். உட்கார வைத்து இரண்டு மணி நேரம் திட்டினார், என்னை இல்லை, கட்சியை. எனக்குத் தெரியாத விஷயமெல்லாம் வெளியே வந்தது. கடைசியில், ‘இதெல்லாம் வெளியே சொல்லாதே’ என்றார். இன்றுவரை சொல்லவில்லை.

அப்பாவிடம் அதைக் கேட்டுப் பாருங்கள். அம்மா வழியாக வேண்டாம்.

கேள்வி: இவ்வளவு பேசுகிறீர்களே, போன தேர்தலில் நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?

பதில்: 1856இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தெற்கு ஆஸ்திரேலியாவிலும் ரகசிய வாக்குச் சீட்டைக் கொண்டுவந்தார்கள், பிரிட்டன் 1872இல் எடுத்துக்கொண்டது. அதற்கு முன்னால் அங்கெல்லாம் வாக்காளர் எல்லோர் முன்னாலும் வேட்பாளர் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும், கீழே நிற்கும் கூட்டம் கைதட்டும் அல்லது கையில் கிடைத்ததை எறியும். கொஞ்சம் லேட்டாகக் கேட்டுவிட்டீர்கள்.